அண்ணி ஏறிய பாறை

ஜீப்பை விட்டு இறங்கியதும் அழ வேண்டும். எங்கள் மலையில் அதுதான் முறை. சாவுக்கு வர முடியாமல் போனவர்கள் பிறகு எப்போது வந்தாலும் வேலிப் படலைத் திறக்கும்போதே குரல் எடுத்துவிட வேண்டும். அந்தக் குரலைக் கேட்டு உள்ளே இருக்கிற பெண்கள் ஓடி வருவார்கள். கட்டிப் பிடித்துக்கொண்டு, தலையோடு தலை சாய்த்து, மூச்சு முட்டுகிற வரைக்கும் அழுத பிறகுதான் ஒரு சொம்புத் தண்ணீர் கிடைக்கும்.

நான் அழவில்லை.

அண்ணி வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கட்டையைப் போட்டுவிட்டு எழுந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் மஞ்சள் கயிறு கிடந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. "பாப்பா" என்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

அந்தக் கைகளைத் தாண்டி வீட்டுக்குள் போய்விட்டேன்.

பின்னால் வந்த என் மகள் யாழினிதான் அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் வீட்டுக்காரர் செல்வம் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வருவதா, இப்படியே ஓசூருக்குத் திரும்பிவிடுவதா என்று அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை.

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில், என்னுடைய முதல் தையல் மெஷினை வாங்கிய கதையைச் சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தேன். இந்த வாரம் உங்களைச் சிரிக்க வைக்க என்னால் ஆகாது. இது என் அண்ணன் இல்லாத வீட்டுக்கு நான் முதல் முறை போன கதை. நான் துக்கம் கேட்கப் போகவில்லை. சண்டை போடப் போனேன். அண்ணியிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தேன். அண்ணன் செத்ததை ஏன் என்னிடம் மறைத்தாய்?

தையல் பிரிக்கும் வரை

மழை ஓய்ந்து பனி தொடங்குகிற சமயத்தில் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். பல மாதமாக இழுத்துக்கொண்டிருந்த தொல்லை. ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிற என் வயிற்றில் குறுக்காக ஒரு தையல். இருமக் கூடாது, தும்மக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, மலைப்பாதை பஸ்ஸில் உட்காரவே கூடாது என்று டாக்டரம்மா அடுக்கிக்கொண்டே போனார்.

நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயக்கம் தெளிந்து கிடந்தபோது, மேலே எங்கள் ஊரான நெல்லிவாசல்நாட்டில் அண்ணன் சாமை அறுத்துக்கொண்டிருந்தான். நெஞ்சு அடைக்கிறது என்று பலா மரத்தடியில் உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். தண்ணீர் கொண்டு வந்த அண்ணிதான் பார்த்தாள். ஜீப் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

செல்வம் ஒரு கம்பெனியில் பஸ் ஓட்டுகிறார். "வண்டி ரிப்பேரு, பெங்களூர் எடுத்துனு போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது செருப்பெல்லாம் செம்மண். கேட்டேன். ஷெட்டில் மண் கொட்டியிருக்கிறார்கள் என்றார். மருந்து மயக்கத்தில் நானும் நம்பித் தொலைத்தேன். என் போனையும் அவரே வைத்துக்கொண்டார். பேசினால் வயிற்றில் வாயு சேருமாம், டாக்டர் சொன்னாராம். சாயங்காலம் மட்டும் ஊருக்கு ஒரு போன் பேசலாம் என்று என்னவோ பெரிய தயவு செய்வதுபோல எடுத்துக் கொடுப்பார்.

ஒவ்வொரு சாயங்காலமும் பேசினேன். அண்ணிதான் எடுப்பாள்.

"அண்ணன் எங்க அண்ணி?"

"ஆட்ட ஓட்டினு போயிருக்குது பாப்பா. இன்னும் வர்ல."

"சாமை அறுத்தாச்சா?"

"பாதி ஆச்சு. மீதி கெடக்குது."

எனக்குச் சந்தேகமே வரவில்லை. காரணம் அண்ணன். அவனுக்குப் போன் என்றாலே ஆகாது. காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, எதிர் மலையில் இருப்பவனைக் கூப்பிடுவதுபோலக் கத்துவான். "சாப்ட்டியா? புள்ள நல்லா கீதா? சரி, வை." அவ்வளவுதான். நான் பதில் சொல்வதற்குள் போன் அண்ணி கைக்குப் போய்விடும். கல்யாணமாகிக் கீழே வந்த இத்தனை வருஷத்தில் அவனோடு போனில் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு புளிக் காலத்திலும் கொட்டை எடுத்த புளியை உருட்டி, பலகை மாதிரி அடித்து, திருப்பத்தூர் வரைக்கும் தானே சுமந்து வந்து பஸ்ஸில் ஏற்றி அனுப்புவான். ஓசூரில் என் தெருவில் பாதி வீட்டுக் குழம்பு அவன் புளியில்தான் கொதித்தது.

தையல் பிரித்து வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் செல்வம் என் எதிரில் உட்கார்ந்து சொன்னார். அதற்குள் மேலே காரியமே முடிந்திருந்தது. எனக்குக் கையில் கிடைத்தது அளவெடுக்கும் டேப்தான். அதை எடுத்து அவர் முகத்தில் வீசினேன். டேப்பை வீசினால் யாருக்கு வலிக்கும்?

"உங்க அண்ணிதான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க. நீ அழுதா தையல் வுட்டுடும்னு அழுதாங்க" என்றார்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். சாவை மறைக்கவும் சொல்லியிருக்கிறதா? கூடப் பிறந்தவனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. ஒரு பிடி வாய்க்கரிசி போடவில்லை. அவன் மண்ணுக்குள் போன பிறகும் "அண்ணன் சாப்ட்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்த முட்டாளாக என்னை ஆக்கிவிட்டாளே! அன்றிலிருந்து அண்ணியின் போனை நான் எடுக்கவில்லை. சாயங்காலமானால் அடிக்கும். அடித்து ஓயும் வரை மெஷினை மிதித்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நாளில் அடிப்பதும் நின்றுவிட்டது.

தட்டாத புளி

மாசியில், மலைப்பாதையில் போகலாம் என்று டாக்டரம்மா சொன்ன மறுவாரமே கிளம்பினோம். திருப்பத்தூரில் இறங்கிப் புதூர்நாடு பஸ் பிடித்து, அங்கிருந்து ஜீப். வழியெல்லாம் செல்வம், "போனதும் எதுவும் கேட்டுடாத. பாவம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பாவமாம். அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது.

வீட்டுக்குள் அண்ணனின் சட்டை ஆணியில் அப்படியே தொங்கியது. கக்கத்தில் நான் போட்ட ஒட்டு இருந்தது. நூல் கலர் சரியாக அமையவில்லை என்று அப்போது வருத்தப்பட்டேன். அவன், "ஆடு இன்னா கலர் பாத்துனா மேயுது?" என்றான். சட்டையைப் பார்த்தபோதும் என் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

அண்ணி சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டாள். கோபத்திலும் பாழாய்ப்போன பசி எடுக்கத்தானே செய்கிறது? குனிந்துகொண்டே சாப்பிட்டேன்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ பாப்பா."

"வேணாங்க. போதுங்க."

அண்ணியின் கை நின்றது. எனக்குக் கோபம் வந்தால்தான் மரியாதை வரும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தபோது நான் பாவாடை கட்டிய சிறுமி. எனக்குப் பேன் பார்த்தவள், அம்மா போன பிறகு சடங்கு சுற்றியவள் அவள்தான். அவளை மட்டும் அதுவரை நான் 'நீங்க' என்று சொன்னதே கிடையாது. அவள் கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

கை கழுவ வெளியே வந்தபோதுதான் அந்தப் புளியைச் சரியாகப் பார்த்தேன். வாசலின் பாதியை அடைத்துக்கொண்டு ஓட்டோடு குவிந்து கிடந்தது. மாசி பாதி போய்விட்டது. இந்நேரத்துக்குக் கொட்டை எடுத்து, உப்புப் போட்டு அடைத்திருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் புளியைத் தனியாக யாரும் தட்டுவதில்லை. மாத்தாள் முறைதான். இன்றைக்கு ஒரு வீட்டு வாசலில் எல்லாப் பெண்களும் உட்கார்ந்து ஓடு தட்டிக் கொட்டை எடுப்போம். நாளைக்கு அடுத்த வீடு. கூலி கிடையாது, கூழும் வாய்ப்பேச்சும்தான். எங்கள் வீட்டு முறை வந்தால் வாசலில் உட்கார இடம் இருக்காது. இப்போது குவியலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மணை, ஒரே ஒரு கட்டை.

"மாத்தாளு வர்லீங்களா?"

"வர்ல."

"ஏன்?"

"அவங்கவங்க வேல அவங்கவங்களுக்கு" என்று சொல்லிவிட்டு அண்ணி கட்டையை எடுத்துக்கொண்டாள்.

நீதான் ஊரு

பிற்பகலில் குட்டியம்மா கூப்பிட்டு அனுப்பினாள். என் பெரியப்பா மகன் சின்னதம்பியின் மனைவி. நாலு வீடு தள்ளித்தான் வீடு. அவள் வாசலில் ஏழெட்டுப் பெண்கள் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முறைப்படி எழுந்து வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் சும்மா தோளைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாக்கா இப்பிடி எளச்சிட்ட? ஆப்பரேசன் ஒடம்பு வேற" என்று குட்டியம்மா மணையைப் போட்டாள். "அண்ணன மாதிரி ஒரு மனுசன் இந்த நாட்டுல உண்டா? அந்த மனுசனுக்கு வந்து வாச்சிது பாரு."

"இன்னா வாச்சிது?"

அவள் மற்றவர்களை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "நீ கேக்கறியேன்னு சொல்றேன். காரியம் முடியாம, தாலி அறுத்தவ வாசப்படி தாண்டலாமா? நீயும் இந்த ஊருப் பொண்ணுதான, சொல்லு. இவ தெனம் சாயங்காலமானா டவர் பாறைல ஏறி நிக்கிறா. கையில போனு. ஒரு நாளு எங்க வூட்டுக்காரரு ஆடு ஓட்டினு வரசொல்ல கண்ணால பாத்துக்கீறாரு. சிரிக்கிறாளாம்க்கா! வயித்தப் புடிச்சினு சிரிக்கிறாளாம்!"

எங்கள் ஊரில் இன்னும் டவர் இல்லை. ஊருக்குப் பின்னால், உண்ணிச்செடிப் புதரைத் தாண்டி ஒரு பாறை இருக்கிறது. அதன் மேல் ஏறி நின்றால் மட்டும் சிக்னல் வரும். அவசரத்துக்கு எல்லோரும் அங்கேதான் ஏறுவோம்.

"யாருகிட்ட பேசினாளாம்?" என்றேன்.

"கேட்டா ஒம் பேரச் சொல்றாக்கா! நாத்தனாகிட்ட பேசினேன்றா. பொய்யின்னாலும் பொருந்தச் சொல்ல வேணாமா? கூடப் பொறந்தவன் செத்துக் கெடக்கசொல்ல எந்தத் தங்கச்சியாச்சும் போன் போட்டுச் சிரிப்பாளா? வருசம் திரும்பட்டும், அவளத் தாய்வூட்டுக்கே அனுப்பிடலாம்னு இவரு சொல்லினு கீறாரு. புள்ளையா குட்டியா, இங்க இன்னா வேல?"

அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை. காரியம் செய்ததுகூட இந்தச் சின்னதம்பியின் மகன்தான்.

எனக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது செல்வம் முதன்முதலாகக் கஞ்சி காய்ச்சி, பிளாஸ்க்கில் ஊற்றிக் கொண்டு வந்தார். மூடி இறுகிக்கொண்டது. அவர் திருகினார், முடியவில்லை. பக்கத்துக் கட்டில்காரி மகன் திருகினான். நர்ஸம்மா திருகினார். கடைசியில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மாவே வாங்கித் திறந்து கொடுத்தார். "அண்ணி, என் வயித்தத் தெறந்து மூடினதவிட அந்த பிளாஸ்க்கத் தெறக்கத்தான் ரொம்ப நேரமாச்சு" என்று அன்று சாயங்காலம் போனில் சொன்னேன். அண்ணி சிரித்தாள். விடாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருமலாக மாறி, பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அண்ணன்கிட்ட சொல்லு அண்ணி, விழுந்து விழுந்து சிரிக்கும்" என்றேன். "சொல்றேன்" என்றாள்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. ஆனால் இந்த வாயை மூட என் ஒருத்தியால்தான் முடியும். நானோ அவள் போனைக்கூட எடுக்காமல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அவ சிரிச்சது என்கிட்டத்தான் குட்டியம்மா" என்றேன்.

தட்டுகிற சத்தம் நின்றது.

"எங்க அண்ணன் செத்தது எனக்குத் தெரியாது. தையல் பிரிக்கிற வரைக்கும் எனக்கு யாரும் சொல்லல. நான் அழுதா வயிறு பிரிஞ்சிடும்னு அவதான் சொல்ல வேணாம்னா. ஒண்ணும் தெரியாம நான் கத சொல்லிச் சிரிச்சேன். எனக்குச் சந்தேகம் வரக் கூடாதேன்னு அவளும் சிரிச்சா. வூட்டுல எழவ வெச்சினு, இந்தப் பாறைல ஏறி நின்னு, எனக்காகச் சிரிச்சா. போதுமா?"

ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி "அய்யோ" என்றாள்.

"எனக்கு இன்னாக்கா தெரியும்? ஊருல சொன்னதச் சொன்னேன்" என்றாள் குட்டியம்மா.

"ஊருன்னா யாரு? நீதான் ஊரு! அவளத் தாய்வூட்டுக்கு அனுப்பறதுக்கு ஒன் வூட்டுக்காரன் யாரு? அது எனக்குத் தாய்வூடு. அவ அங்க இருந்தாத்தான் எனக்கு அது வூடு. அவ இல்லன்னா நான் யாரு வூட்டுக்கு வருவேன்? நல்லா சொல்லிடு அவன்கிட்ட."

புடவையை உதறிக்கொண்டு எழுந்தேன். வாசலில் நின்றிருந்த யாழினி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாறை மேல்

வீட்டில் அண்ணி இல்லை. "உங்க அண்ணி அப்பவே பின்னால போனாங்க" என்றார் செல்வம், கை நிறையப் புளி ஓட்டோடு. அவர் பாட்டுக்கு உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார். ஓட்டைவிடப் புளிதான் அதிகமாக நசுங்கியிருந்தது.

எனக்கு எங்கே என்று தெரியும். வெயில் தாழ்ந்துவிட்டிருந்தது. உண்ணிச்செடி முள் புடவையை இழுத்தது. பாறை செங்குத்தாகத்தான் இருக்கும். வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு நின்று நின்று ஏறினேன். தையல் போட்ட நானே இப்படி ஏறுகிறேன். ஒன்றும் சாப்பிடாமல், அழுது அழுது தலை சுற்றுகிற ஒருத்தி எப்படி ஏறினாளோ!

அண்ணி பாறை உச்சியில் குந்தியிருந்தாள். மடியில் அந்தப் பழைய பட்டன் போன். என்னைப் பார்த்ததும் பதறிப்போய் எழுந்தாள்.

"ஏம்மே, இந்த ஒடம்ப வெச்சினு இங்க ஏறுவியா? அறிவு கீதா ஒனக்கு?"

நான் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். "நான்தான் போன எடுக்கறதில்லியே. அப்பறம் இன்னாத்துக்கு இங்க வந்து ஒக்கார்ற?" என்றேன். 'நீங்க' எங்கோ போயிருந்தது.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழே அறுத்துப் போட்ட சாமைக் காடு தெரிந்தது. அறுக்காமல் விட்ட பாதி அப்படியே காய்ந்து, கதிர் உதிர்ந்து சாய்ந்து கிடந்தது. பலா மரம் தெரிந்தது.

"எடுக்கலன்னாலும் அந்நேரத்துக்குக் காலு இங்கதான் வருது பாப்பா" என்றாள்.

"ஊருல இன்னா பேசறாங்கன்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"மறச்சது ஊருக்குத் தெரிஞ்சா எவளாச்சும் ஒனக்குச் சொல்லிடுவாளேன்னு வாய மூடினு இருந்தேன். அப்பறம் பாத்தா, ஏற்கனவே எம்மேல கோவமாக் கீற. இதையும் சொல்லி ஒன்னைப் பஞ்சாயத்துக்கு இழுக்கறதா?"

"ஏன் அண்ணி? ஏன் என்கிட்ட மறைச்ச?" ஓசூரிலிருந்து சுமந்து வந்த கேள்வி. சண்டையாகக் கேட்க வேண்டும் என்றுதான் இருந்தேன். குரல் அப்படி வரவில்லை.

"அவுரு போனாரு. நீயும் போய்ட்டா எனக்கு யாரு?" என்றாள். கொஞ்ச நேரம் போனை மடியில் திருப்பித் திருப்பி வைத்தாள். "மொத நாளு ஒனக்காகத்தான் பொய் சொன்னேன். அது நெசம். அப்பறம்... நீ 'அண்ணன் எங்க'ன்னு கேப்ப. ஆடு ஓட்டினு போயிருக்குதுன்னு நான் சொல்லுவேன். சொல்லசொல்ல, அவுரு அந்தச் சரிவுல ஆட்ட ஓட்டினு போறாப்லயே இருக்கும். வூட்டுல எல்லாரும் எழவு பேசினு இருப்பாங்க. நீ ஒருத்திதான் அவுரு சாப்ட்டாரான்னு கேப்ப. தெனம் நீ பேசற அந்தக் கொஞ்ச நேரம் எனக்கும் அவுரு இருந்தாரு பாப்பா. ஒனக்குத் தெரிஞ்ச அன்னிக்கித்தான் எனக்கும் அவுரு செத்தாரு."

நான் அவளைப் பார்த்தேன்.

"அந்த பிளாஸ்க் கதகூட வந்து சொன்னேன், அவுருக்கு ஏத்தி வெச்ச வெளக்காண்ட. நீ சொல்லச் சொன்ன இல்ல?"

அப்போதுதான் வந்தது. வேலி தாண்டும்போது வர வேண்டிய அழுகை, தையல் பிரிந்துவிடும் என்று எல்லோருமாகச் சேர்ந்து தள்ளிப்போட்ட அழுகை. "அண்ணா" என்று கத்தினேன். எதிர் மலை வரை கேட்டிருக்கும். அண்ணி என்னைக் கட்டிக்கொண்டாள். தலையோடு தலை சாய்த்து, முறைப்படி, முறையெல்லாம் மறந்து, அழுதோம். அழும்போதும் அவள் ஒரு கை என் வயிற்றில்தான் இருந்தது. தையலைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

சொல்லாமல் கிளம்புவது

மறுநாள் காலையில் நானும் யாழினியும் அண்ணியோடு புளி தட்ட உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் இரண்டு பெண்கள் தங்கள் மணையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். குட்டியம்மா வரவில்லை. வருவாள் என்று நான் நினைக்கவும் இல்லை. சின்னதம்பி வேலிக்கு அந்தப் பக்கம் போனபோது, "எப்பக்கா வந்த?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போனான்.

மத்தியானம் ஜீப் வந்துவிட்டது. நான் யாழினியைத் தனியாகக் கூப்பிட்டு, "வாயத் தொறந்து போயிட்டு வர்றேன்னு சொல்லிடாத" என்றேன்.

"ஏம்மா? அத்தகிட்ட சொல்லாமலா போறது?"

"சொல்லக் கூடாதுடி. வருசம் திரும்பாத எழவு வூடு. போயிட்டு வர்றேன்னு சொன்னா இன்னொரு சாவுக்கு வர்றேன்னு ஆயிடும்."

"அப்ப அத்த தனியா இருப்பாங்களே. திரும்பி வர்றோம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

நாங்கள் சொல்லாமல் இறங்கினோம். அண்ணி எங்களைப் பார்க்காமல், முறைப்படி முதுகைக் காட்டிக்கொண்டு, புளி தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுகிற சத்தம் ஜீப் கிளம்பும் வரை கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும், நாங்கள் போகிற சத்தம்.

திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் கிருஷ்ணகிரி வண்டிக்காகக் காத்திருந்தோம். செல்வம் வேர்க்கடலை வாங்கி வந்து நீட்டினார். காலடியில் புளி மூட்டை. இந்த வருஷம் அதை அண்ணி கட்டிக் கொடுத்திருந்தாள். அண்ணன் கட்டுகிற முடிச்சு வேறு மாதிரி இருக்கும். வெயில் தாழ்கிற நேரம். நான் போனை எடுத்தேன்.

ஒரு மணிகூட முழுசாக அடிக்கவில்லை. எடுத்துவிட்டாள். பாறை மேல் காற்று இரைவது கேட்டது.

"பாப்பா? போய் எறங்கிட்டீங்களா?"

"திருப்பத்தூர்ல கீறோம் அண்ணி."

"வயிறு வலிக்குதா?"

"இல்ல."

பஸ் ஸ்டாண்டில் யாரோ தர்மபுரி, தர்மபுரி என்று கூவிக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அண்ணி" என்றேன். "அண்ணன் எங்க?"

காற்று மட்டும் இரைந்தது. கட் ஆகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இல்லை.

"ஆட்ட ஓட்டினு போயிருக்குது" என்றாள் அண்ணி. "இன்னும் வர்ல."

"வந்தா, நான் போயிட்டு வர்றேன்னு சொன்னேன்னு சொல்லு."

"சொல்றேன்" என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நீ வா."